மெர்லின் அளந்த கை

மந்தாரக்குப்பத்துப் பெண்களுக்கு மெர்லினை முதலில் தையல்காரியாகத்தான் தெரியும். கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரே ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட் தைத்தவள். முதுகுவலி வந்து மெஷினை மிதிக்க முடியாமல் போனபோது, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற ஒரு சின்ன அறக்கட்டளையில் சேர்ந்தாள். புண் துடைத்துக் கட்டுவது, டியூப் மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் கற்றுக்கொண்டாள். கணவன் பிராங்க்ளின் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் டிரைவர். பர்மனென்ட் ஆளுக்கு டவுன்ஷிப்பில் மரம் சூழ்ந்த குவார்ட்டர்ஸ். கான்ட்ராக்ட் ஆளுக்கு மந்தாரக்குப்பத்தில் வாடகை அறை. ஒரே பழுப்பு நிலக்கரியை வெட்டுகிற இரண்டு பேருக்கு நடுவில் இப்படி ஒரு வேலியைப் போட்டது எந்தக் கடவுளும் இல்லை, மனிதர்கள்தான். ஆனால் அந்த வேலியைத் தாண்ட ஜனங்கள் கடவுளிடம்தான் மனுப்போட்டார்கள்.

மெர்லினுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் கனகம் என்கிற ஓய்வுபெற்ற நர்ஸ். வாய் கொஞ்சம் அதிகம்.

"நோயாளி வூட்டுக்குப் போனா புண்ணு எங்கியும் ஓடிப்போவாது. மொதல்ல அவங்க துன்றாங்களான்னு பாரு. துன்னாத ஒடம்புல எந்த மருந்தும் வேல செய்யாது."

'சாப்டீங்களா' என்று கேட்கவே கூடாது என்பார் கனகம். நம் ஊரில் அது வெறும் வணக்கம். பட்டினி கிடப்பவனும் 'ஆச்சுங்க' என்றுதான் சொல்வான். அதனால் 'நேத்து ராத்திரி இன்னா கொழம்பு' என்று கேட்க வேண்டும். பொய் சொல்கிறவர்கள் குழம்பின் பெயரைத் தேடுவதற்குள் முகம் காட்டிக்கொடுத்துவிடும். எழுந்து நிற்க முடிந்தவர்களை எடை பார்க்க வேண்டும். முடியாதவர்களுக்கு மேல்கையை நாடாவால் அளக்க வேண்டும். நாடாவில் ஓரிடத்தில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். சுற்றளவு கோட்டைத் தொடவில்லை என்றால் உடம்பு கரைகிறது என்று அர்த்தம். உடனே சொல்லியாக வேண்டும்.

முதல் நாள் மெர்லின் அளந்ததைப் பார்த்துக் கனகம் தலையில் அடித்துக்கொண்டார்.

"எம்மா தாயே, ஜாக்கெட் தைக்கவா வந்துருக்க? நாடாவுக்குள்ள ஒன் வெரலு எதுக்கு?"

ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிறவர்கள் துணி பிடிக்காமலிருக்க நாடாவுக்கும் கைக்கும் நடுவில் ஒரு விரலை விடுவார்கள். வருடக்கணக்கில் செய்த பழக்கம் அது. மெர்லின் சிரித்துக்கொண்டே விரலை எடுத்தாள். அதற்குப் பிறகு அந்தத் தவறு வரவில்லை, அன்னாளின் கையை அளந்த நாள்வரை.

அன்னாளுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. கான்டீன் ஒன்றில் நின்றபடியே காலமெல்லாம் பாத்திரம் கழுவியவள். இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். கணவர் செல்வநாதன் கான்ட்ராக்டில் சேர்ந்து, கான்ட்ராக்டிலேயே நரைத்து, பர்மனென்ட் ஆர்டர் வரும் வரும் என்று காத்திருந்து, வராமலே செத்துப்போனவர். மகன் லியோ இப்போது அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வெல்டர். முப்பது வயதாகியும் கல்யாணத்தைப் பற்றிப் பேச விடமாட்டான். 'பர்மனென்ட் ஆவட்டும்' என்பான்.

2014ஆம் ஆண்டு தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மெர்லின் புண்ணைக் கட்டிவிட்டு வழக்கம்போலக் கேட்டாள்.

"நேத்து ராத்திரி இன்னா கொழம்பு பெரிம்மா?"

 அன்னாள் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள்.

"கொழம்பா... கொழம்பு வெக்கல."

"பின்ன இன்னா துன்னீங்க?"

"ஒருசந்தி இருக்கேன்மா."

ஒருசந்தி என்றால் ஒருவேளைச் சாப்பாடு. தவக்காலத்தில் மெர்லினும் வெள்ளிக்கிழமைகளில் இருப்பதுதான். அன்னாளோ தினமும் இருந்தாள். மத்தியானம் கொஞ்சம் சோறு, ரசம். முட்டை கிடையாது, மீன் கிடையாது. காலையிலும் இரவிலும் கடுங்காப்பி. லியோ விடியுமுன் முதல் ஷிப்டுக்குப் போய்விடுவான். சாயங்காலம் ஓவர்டைம் முடித்து வந்து 'துன்னியாம்மா' என்பான். 'அப்பவே துன்னுட்டேன்' என்பாள். மகன் தட்டில் மட்டும் முட்டை இருக்கும்.

மெர்லின் நாடாவை எடுத்தாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டியபோதே தெரிந்தது. தோல் மட்டும் தொங்கியது. நாடாவைச் சுற்றினாள். கோட்டுக்கு ஒன்றரை விரல் முன்னாலேயே முனை வந்து சேர்ந்துவிட்டது.

"பெரிம்மா, ஒடம்பு சரியில்லாதவங்களுக்கு ஒருசந்தி கடன் இல்லன்னு சாமியாரே சொல்றாரே."

"நான் கடனுக்கா இருக்கேன்? வேண்டிக்கினு இருக்கேன்." அன்னாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "யாருகிட்டயும் சொல்லாதம்மா. லியோவுக்குத் தெரிஞ்சா சண்டைக்கு வருவான். இந்த மாசம் காலு ஆபரேசனுக்குக் கடலூரு டாக்டருகிட்ட போறோம், அவருக்குத் தெரிஞ்சா தள்ளிப்போட்டுருவாரு. நோம்பு இருக்கறது வெளிய தெரிஞ்சா பலன் போயிரும். ஒனக்குத் தெரியாததா?"

மெர்லினுக்குத் தெரியும். நோன்பைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது, நேர்ச்சை இன்னதென்று பிறர் கேட்கக் கூடாது என்று பிள்ளைப்பருவத்திலிருந்து கோயிலில் கேட்டு வளர்ந்தவள். கேட்காமலே அவளுக்கு அந்த வேண்டுதல் என்னவென்றும் தெரிந்தது. மந்தாரக்குப்பத்தில் கான்ட்ராக்ட் ஆளின் தாய் வேறு எதை வேண்டுவாள்?

இதையும் சொல்லியாக வேண்டும். பர்மனென்ட் பேச்சு அப்போது ஊர் முழுக்க அடிபட்டுக்கொண்டிருந்தது. சேர்ந்த தேதி வரிசையில் கூப்பிடுவார்கள் என்றார்கள். அந்த வரிசையில் லியோவுக்குக் கொஞ்சம் பின்னால் பிராங்க்ளின் இருந்தான். லியோவுக்கு வந்தால் அவனுக்கும் வரும். அன்னாளின் பட்டினி பலித்தால் மெர்லின் வீட்டிலும் விளக்கெரியும். அந்த எண்ணம் முழுதாக உருவெடுத்து அவள் மனதில் நிற்கவில்லை. வந்தது, போனது. ஆனால் வந்தது.

"நாடாவ இன்னொருக்கா சுத்திப் பாக்கறேன் பெரிம்மா" என்றாள். இரண்டாம் முறை சுற்றும்போது நாடாவுக்குள் விரல் இருந்தது. முனை கோட்டைத் தொட்டது.

அந்த மாதம் கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு லியோ தாயை அழைத்துப்போனான். மெர்லினும் போனாள். டாக்டர் சக்கரபாணி பொறுமையாகப் பேசுகிற மனிதர். காலை அழுத்திப் பார்த்து, ஸ்கேன் பார்த்து, சுருண்ட நரம்பை அடைத்தால்தான் புண் ஆறும் என்றார். கீறி உருவி எடுக்கலாம். அல்லது நரம்புக்குள்ளேயே மெல்லிய இழையை விட்டு லேசரால் சுட்டு அடைக்கலாம்.

"லேசர்லயும் ரெண்டு விதம் இருக்கு. பழைய இழை முனையில மட்டும் சுடும். சில நேரம் நரம்புச் சுவரு ஓட்டையாயிடும், ரத்தம் கட்டும், வலி இருக்கும். புதுசுல ஒளி பக்கவாட்டுல சுத்திலும் பரவும். வலி கம்மி."

லியோவின் கண்கள் பளிச்சிட்டன. தன் தொழில் பேச்சு அது.

"மொத சொன்னது இரும்பு வெட்டற நம்ம கட்டிங் டார்ச் மாரி. ஒரே எடத்துல நின்னா பொத்துக்கும். ரெண்டாவது, சுத்திலும் ஒரே சூடா குடுக்கறது. அப்பிடித்தானே சார்?"

"அதேதான். நீங்க என்னை விட நல்லா சொல்றீங்க."

"அப்ப அந்த ரெண்டாவதே போட்டுருங்க சார். எங்கம்மாவுக்கு வலிக்கக் கூடாது."

"யோவ் வெல்டரு, ஒங்கம்மா காலு இன்னா பைப்லைனா?" என்று அன்னாள் மகன் தோளில் தட்டினாள். டாக்டரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் சொன்னார்:

"எந்த லேசரா இருந்தாலும் நரம்பத்தான் அடைக்கும். புண்ண மூடுறது உடம்போட வேலை. அம்மா நல்லா சாப்பிடுறீங்களா?"

"ஆச்சுங்க, நல்லா துன்றேங்க."

டாக்டர் மெர்லின் பக்கம் திரும்பினார். "நீங்கதான வீட்டுக்குப் போறீங்க? கால் வீங்கியிருக்கறதால எடைய நம்ப முடியாது. கை அளவு எப்படி?"

அன்னாள் தலையைக் குனிந்துகொண்டாள். லியோ, மெர்லின் அக்கா நல்லதாகச் சொல்லப்போகிறாள் என்ற நம்பிக்கையில் சிரித்த முகத்தோடு நின்றான்.

"சரியா இருக்குங்க சார்" என்றாள் மெர்லின்.

பாஸ்காத் திருநாளோடு தவக்காலம் முடிந்த வாரத்தில் லேசர் போட்டார்கள். லியோ கேட்ட புதுவகை இழையைத்தான் போட்டார்கள். நன்றாகவே நடந்தது. அன்னாள் அன்றே நடந்தாள். வலி இல்லை என்றாள். லியோ சுரங்கத்தில் எல்லாரிடமும் லேசர் புராணம் பாடினான்.

புண் மட்டும் ஆறவில்லை. முதலில் ஓரம் சிவந்து புதுச் சதை வருவதுபோல இருந்தது. பிறகு அப்படியே நின்றது. சுரங்கத்து வெயில் ஏறிய மே மாதத்தில், கட்டுத்துணியைப் பிரித்தால் நீர் வடிந்தது. ஜூனில் அகலமானது. ஒவ்வொரு முறையும் மெர்லின் பிரித்துப் பார்த்துவிட்டு, அன்னாளின் முகத்தைப் பார்க்காமல் கட்டினாள்.

"பெரிம்மா, பாஸ்காதான் முடிஞ்சிபோச்சே. இனிமே துன்னலாமில்ல?"

"ஊருக்கு முடிஞ்சிச்சு. எனக்கு முடியல. அவனுக்கு ஆர்டர் வரட்டும். ஆசைப்பட்டு எறங்குனது, பாதியில எந்திரிக்கவா சொல்ற?"

"எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

"அவங்கப்பனுக்கு யாரும் ஒருசந்தி இருக்கல. அதான் வரல."

செல்வநாதனுக்கு ஆர்டர் வராததற்குக் காரணம் ஒருத்தி மூன்று வேளையும் சாப்பிட்டதுதான் என்று அந்தப் பெண் நம்பினாள். சட்டம், தீர்ப்பு, பேச்சுவார்த்தை, கையெழுத்துப் போட வேண்டிய கைகள், போடாத கைகள் எல்லாவற்றையும் தாண்டி, குற்றத்தைத் தன் வயிற்றின்மேல் சுமத்திக்கொண்டாள். சுரண்டுகிறவனுக்கு இதைவிட வசதியான நம்பிக்கை எங்கே கிடைக்கும்? ஒரு குடும்பத்தையே இரண்டு தலைமுறை காக்கவைத்தவன் மேல் ஒரு தூசு விழவில்லை. மெர்லின் அதைக் கேட்டுக்கொண்டு, பஞ்சை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். அன்று வீட்டில் மீன் குழம்பு. பிராங்க்ளின் ரசித்துச் சாப்பிட்டான்.  'வாயி கசக்குது' என்று அவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

அடுத்த வாரம் போனபோது அந்த அறையில் லியோவோடு இன்னொருவர் இருந்தார். சிங்காரவேலு, லியோவோடு வேலை செய்கிறவர், கேஸ் டார்ச்சால் இரும்பு வெட்டுகிறவர். தொழிற்சங்கத்தில் முன்னால் நிற்கிறவர். குரலைத் தாழ்த்தத் தெரியாதவர்.

"வாங்க நர்சம்மா. ஒங்களுக்குத்தான் காத்துகினு இருக்கோம்" என்றார் அவர்.

"அக்கா, நாளைக்கு கடலூரு போறோம்" என்றான் லியோ. "இருவது பேரு வராங்க. அந்த டாக்டரு புது லேசருன்னு சொல்லிட்டு பழசப் போட்டு ஏமாத்திட்டாரு. முனையில சுடுறது. உள்ள பொத்துகினு கெடக்குது, அதான் ஆற மாட்டேங்குது. நீங்க வந்து சொன்னா எடுபடும். வாரா வாரம் புண்ணப் பாத்தவங்க நீங்கதான்."

"வாசல்ல ஒக்காந்தம்னா சாயங்காலத்துக்குள்ள பேச்சுக்கு வந்துருவாங்க" என்றார் சிங்காரவேலு. "கான்ட்ராக்ட்காரன் ஆத்தான்னா எதப் போட்டாலும் கேக்க மாட்டான்னு நெனப்பு."

அவர் சொன்னதில் பாதி உண்மை. கான்ட்ராக்ட்காரன் தாயை எவரும் ஏமாற்றலாம், கேட்க ஆளில்லை. ஏமாற்றியது யார் என்பதில்தான் தவறிவிட்டார். மெர்லின் கட்டிலைப் பார்த்தாள். அன்னாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிரட்டலா கெஞ்சலா என்று பிரிக்க முடியாத பார்வை. புண்ணிலிருந்து வந்த வாடை அறை முழுக்க நின்றது. இன்னும் கொஞ்ச நாளில் எலும்பைத் தொடும். பிறகு காலை எடுக்கச் சொல்வார்கள்.

"லேசரு மேல தப்பு இல்ல லியோ."

"இன்னாக்கா சொல்றீங்க?"

"நேத்து ராத்திரி ஒங்கம்மா இன்னா துன்னாங்க?"

"துன்னாங்களே."

"நீ பாத்தியா?"

லியோ கட்டில் பக்கம் திரும்பினான்.  எந்த ராத்திரியும் அவன் பார்த்ததில்லை.

"மெர்லினு!" என்றாள் அன்னாள்.

"ஒருவேளதான் துன்றாங்க. தவக்காலத்துலேருந்து. நீ பர்மனென்ட் ஆவற வரைக்கும்னு வேண்டிக்கினு இருக்காங்க. கைய அளந்தப்ப எலும்புதான் இருந்துச்சு. புண்ணு ஆறணும்னா சதை வேணும். சதைக்கு சோறு வேணும்."

சிங்காரவேலு முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "டாக்டரு கை அளவு கேட்டாராமே, அப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சரியா இருக்குன்னீங்க?" என்றான் லியோ.

"ஆமா."

"நல்ல நர்சுப்பா" என்று சொல்லிவிட்டுச் சிங்காரவேலு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

லியோ அவளைத் திட்டுவான் என்று மெர்லின் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கட்டிலருகில் போய் உட்கார்ந்து தாயின் கையைத் தூக்கிப் பார்த்தான். பல மாதங்களுக்குப் பிறகு அப்போதுதான் பார்க்கிறவனைப்போலப் பார்த்தான்.

"யம்மா. ஆர்டர்ல மாதாவா கையெழுத்துப் போடறாங்க? போடறவன் வேற ஆளும்மா. அவன் மூணு வேளையும் துன்றான். நீ துன்னாம கெடக்கறது அவனுக்குத் தெரியவே தெரியாது."

"சாமிய அப்பிடிப் பேசாதடா."

"சாமிய எங்க பேசுனேன்? அவனப் பேசறேன்."

அவனே அடுப்பைப் பற்றவைத்து முட்டை அவித்தான். அன்னாள் வாயைத் திறக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "சரி, நீ துன்ற வரைக்கும் எனக்கும் ஒண்ணும் வேணாம்" என்று லியோ தட்டை மூடி வைத்தான். மறுநாள் வெறும் வயிற்றோடு ஷிப்டுக்குப் போனான். வெல்டிங் நெருப்புக்கு முன்னால், ஜூன் வெயிலில், சுரங்கத்தின் அடியில் பட்டினியோடு நிற்கும் மகனை நினைத்து அன்னாள் மத்தியானம்வரை தாங்கினாள். பிறகு பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் கண்முன்னாலேயே சாப்பிட்டு, "அவனுக்குப் போன் போட்டுச் சொல்லு" என்றாள்.

கடலூருக்கு யாரும் போகவில்லை. மெர்லின்தான் டாக்டருக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள், விரலைக்கூட.  "லேசரைப் பத்தி அவ்வளவு நேரம் பேசினேன். அந்தம்மா கையை நானே ஒரு தடவை தொட்டுப் பாத்திருக்கலாம்" என்றார். என்னென்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கனகம் அவ்வளவு மென்மையாக விடவில்லை. "ஒன்ன வேலைய வுட்டுத் தூக்கணும். தூக்குனா அந்தப் புண்ண எவ கட்டுவா? போ. போயி கட்டு" என்றார்.

முட்டை, பருப்பு, மீன், வேர்க்கடலை உருண்டை. ஆடி போய் ஆவணி வந்தபோது புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை ஏறியது. மழைக்காலம் தொடங்கும்போது ஒரு காசளவுக்குச் சுருங்கிவிட்டது. கால் தப்பியது.

அந்தச் சமயத்தில்தான் லியோ வேலை செய்த பிரிவில் கான்ட்ராக்டர் மாறினார். புதிதாக வந்தவர் பாதிப் பேரை எடுத்துக்கொண்டார், மீதியை வேண்டாம் என்றார். சங்கத்தோடு சுற்றுகிறவன் என்று லியோவைப் பற்றி யாரோ சொல்லியிருந்தார்கள். சேர்ந்த தேதி வரிசை என்றெல்லாம் எவரும் பேசவில்லை. லியோ ஓசூர்ப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போய்விட்டான். பிராங்க்ளின் வேறு கான்ட்ராக்டரிடம் இருந்ததால் அவன் வண்டி வழக்கம்போலச் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த முறை மெர்லின் போனபோது அன்னாள் கதவைத் திறந்துவிட்டு, கட்டிலில் போய்க் காலை நீட்டினாள். கட்டி முடிக்கும்வரை மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒருசந்தி இருந்தது ரெண்டு பேருக்கும் சேத்துதான்" என்றாள் பிறகு. "ஒம்புருசன் பேரையும் சொல்லித்தான் வேண்டிகினேன். நீ எம்புள்ளதுல மண்ணள்ளிப் போட்ட. ஒம்புருசன் மட்டும் உள்ள போறான்."

 லியோவின் வேலை போனதற்கும் ஒரு முட்டைக்கும் சம்பந்தம் இல்லை என்று மெர்லினுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லித் தப்பிக்க அவள் விரும்பவில்லை. ஏனென்றால் அந்த வேண்டுதலில் தனக்கும் பங்கு கிடைக்கும் என்று ஒரு கணம் கணக்குப் போட்டவள் அவள். அந்தக் கணத்தில்தான் இந்தத் தாய் அவள் கையைவிட்டு நழுவத் தொடங்கினாள்.

"பெரிம்மா, நான் அன்னிக்கு வாயத் தொறந்தது தப்பு இல்ல. அதுக்கு மின்னாடி தொறக்காம இருந்ததுதான் தப்பு. அதுக்கு நீங்க இன்னா வேணும்னாலும் திட்டுங்க."

அன்னாள் திட்டவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். தட்டைப் போட்டுக்கொண்டு சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைந்தாள். "நான் துன்றேனான்னு பாக்கத்தான வந்த? பாரு" என்றாள். முதல் உருண்டையை வாயில் வைத்து, மெர்லினின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மென்றாள். இரண்டாவதையும் அப்படியே மென்றாள். மெர்லின் கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல், தட்டு காலியாகும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.